பின்பக்கத்து ஒற்றை விளக்கு

ஜூன் 2, திங்கள்

புது சர்வர் வந்து இறங்கிவிட்டது. பழையதை நிறுவியபோது நான் எதையும் எழுதி வைக்கவில்லை. பிறகு ஒவ்வொரு சந்தேகத்துக்கும் என் நினைவையே தோண்ட வேண்டியிருந்தது. இந்த முறை எழுதுகிறேன். எனக்குப் பிறகு இந்த அறைக்கு வருகிறவர் படிக்கக்கூடும் என்பதால், எனக்குத் தெரிந்ததையும் விளக்கியே எழுதுகிறேன்.

என் பெயர் நாச்சிமுத்து. திருப்பூரில் இந்தச் சாயப்பட்டறையின் கணினிப் பிரிவு என் பொறுப்பு. எந்தத் துணிக்கு எந்தச் சாயம், எவ்வளவு உப்பு, எத்தனை டிகிரி சூடு என்பதெல்லாம் சர்வரில் இருக்கிறது. அது சொல்லச் சொல்லத் தொட்டிகளுக்குள் சாயம் தானாக இறங்கும். பாதியில் அது நின்றால் துணியில் திட்டு விழும். திட்டு விழுந்த துணியை எந்த நாட்டுக்கும் அனுப்ப முடியாது.

முதலாளி குழந்தைவேலு சுற்றி வளைக்கவில்லை. "மாசக் கடைசி வரைக்கும் நீங்க ஓட்டிக் காட்டுங்க நாச்சிமுத்து. சர்வர்னால ஒரு தொட்டி நின்னாலும் மெட்ராஸ் கம்பெனிக்கே மொத்தமாக் குடுத்தர்றேன். அவிய அங்கிருந்தே பாத்துக்குவாங்களாமா."

அப்படிக் கொடுத்துவிட்டால் இந்த அறைக்கு ஆள் வேண்டியதில்லை. அந்த ஆள் நான்தான். கவலை எதுவும் இல்லை. இதைவிடப் பெரிய வேலையை இதே கைகளால் செய்திருக்கிறேன்.

ஜூன் 4, புதன்

சென்னைக் கம்பெனியிலிருந்து அன்வர் என்ற இளைஞர் வந்து சர்வரை அலமாரியில் பொருத்தினார். நல்ல வேலைக்காரர். திருகாணிகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளாமல் ஒரு கிண்ணத்தில் போடுகிறார்.

சர்வரின் முன்பக்கம் பார்வைக்குத்தான். கேபிள்கள், கார்டுகள், மின்சாரம் எல்லாம் பின்பக்கம். நிற்கிற இடத்திலிருந்து சொல்கிறேன். மேலே இரண்டு கூண்டுகள், கூண்டுக்கு மூன்றாக ஆறு ஸ்லாட்டுகள். கூடுதல் கார்டுகளைச் செருகுவதற்கு. கீழே நெட்வொர்க் போர்ட்டுகள். வலது ஓரத்தில் இரண்டு பவர் சப்ளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடி. ஒன்று பழுதானால் மற்றது சுமை முழுவதையும் தாங்கும். பழுதானதை, சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். ஆனால் பழுதானதை விட்டுவிட்டு நல்லதை உருவினால் அந்த நொடியே சர்வர் அணைந்துவிடும். உலகம் முழுவதும் இந்த வேலையில் இருப்பவர்கள் செய்கிற தப்பு இது.

முன்பக்கம் ஒரு பொத்தானை அழுத்தினால் பின்பக்கம் நீல விளக்கு ஒன்று எரிகிறது. அடுக்கி வைத்த சர்வர்களில் எது நம்முடையது என்று பின்னால் போகிறவருக்குத் தெரிவதற்கு. அருமையான விளக்கு. இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தேன்.

பழைய சர்வரில் ஒவ்வொரு பவர் சப்ளைக்கும் இரண்டு விளக்குகள். மேல் விளக்கு எரிந்தால் நலம், கீழ் விளக்கு எரிந்தால் பழுது. இதில் ஒன்றுதான். நலமானாலும் பழுதானாலும் அதே விளக்கு எரியும், நிறம் மட்டும் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறும் என்றார் அன்வர். இடத்தை மிச்சம் பிடிக்க நினைத்த எவனோ செய்த வேலை.

"சார், இந்த மேனேஜ்மென்ட் போர்ட்டுக்கு ஒரு கேபிள் குடுத்துட்டீங்கன்னா, எது ஃபால்ட்டுன்னு உங்க டேபிள்லயே எழுத்துல வந்துடும். லைட்டப் பாக்க எழுந்தே போக வேணாம்."

"நான் எழுந்து போய்ப் பாக்கற ஆளுங்க தம்பி."

தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பூங்கோதை நிமிர்ந்து பார்த்தாள். அவள் ஷேடு லேபின் பொறுப்பாளர். சாயம் ஏறிய துணித்துண்டை விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்து, வாங்குகிறவர் கேட்ட நிறம் வந்துவிட்டதா என்று தீர்ப்புச் சொல்கிறவள். கறுப்பிலேயே பத்துப் பன்னிரண்டு கறுப்பு பிரித்துச் சொல்வாள்.

ஜூன் 5, வியாழன்

இன்று போட்டுப் போன சட்டை நன்றாக இருப்பதாகப் பட்டறையில் பலர் சொன்னார்கள். சட்டை எடுத்து வைப்பதும் தக்காளி வாங்குவதும் எங்கள் வீட்டில் என் மனைவி தெய்வானையின் இலாகா. நான் தலையிடுவதில்லை.

ஜூன் 9, திங்கள்

சாயம் இறக்கும் இயந்திரங்களோடு சர்வர் பேசுவது ஒரு கார்டு வழியாக. அதைப் பழைய சர்வரிலிருந்து கழற்றிப் புதியதில் ஐந்தாம் ஸ்லாட்டில் செருகினேன். கேபிள்கள் அந்தப் பக்கமாகத்தான் இறங்குகின்றன, இழுக்காமல் எட்டும்.

எதுவும் நடக்கவில்லை. கார்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. அப்படி ஒரு கார்டு இருப்பதே சர்வருக்குத் தெரியவில்லை. அன்வரைப் போனில் பிடித்தேன்.

"கார்டு டெட் சார். பழசுதானே? புதுசு ஆர்டர் போட்டுடுங்க."

திரும்பவும் பழைய சர்வரில் செருகினேன். செத்துப்போன கார்டு கண் சிமிட்டியது.

ஜூன் 10, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். சர்வரின் மூடியைத் திறந்தேன். உள்ளே பிராசசருக்கு இரண்டு இருக்கைகள். ஒன்றில் பிராசசர் இருக்கிறது. இன்னொன்று பிளாஸ்டிக் மூடி போட்டுக் காலியாக இருக்கிறது. நம் வேலைக்கு ஒன்றே போதும் என்று ஒன்றோடு வாங்கினோம். மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் படத்தைப் பொறுமையாகப் படித்தால் விஷயம் தெரிகிறது. முதல் மூன்று ஸ்லாட்டுகள் முதல் பிராசசரோடு இணைந்தவை. நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் இரண்டாவதோடு. இரண்டாவது இல்லாதவரை அவை வெறும் பொந்துகள்.

கார்டை இரண்டாம் ஸ்லாட்டுக்கு மாற்றினேன். கேபிளைக் கொஞ்சம் சுற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. உடனே எரிந்தது. காலி ஸ்லாட்டுகளுக்குத் தகடு போட்டு மூடினேன். திறந்து விட்டால் காற்று வழி மாறிச் சூடேறும்.

முதலாளி வந்து குனிந்து பார்த்தார். "ஆறு வாசல் வெச்சிருக்கான், மூணு வாசலுக்குப் பின்னால ஊடே இல்லீங்களா?"

"ஊடு கட்டினா வாசல் தொறக்குமுங்க."

அன்வரிடம் சொன்னபோது அவர் மழுப்பவில்லை. "ஐயோ சார், டிரெய்னிங்ல முதல் நாளே சொன்னாங்க. சுத்தமா மறந்துட்டேன்" என்றார். அதனால் அவர்மேல் மரியாதை கூடியது.

ஜூன் 13, வெள்ளி

பழைய சர்வரை நிறுத்தினேன். இனி எல்லாம் புதியதில். முதல் லாட் துணி நிற்காமல் ஓடி முடிந்தது. பூங்கோதை அதில் ஒரு ஈரத் துணித்துண்டைக் காயவைத்து எடுத்து வந்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"உங்க புது மெசினோட முதல் ஷேடு. எப்படீங்ணா இருக்குது?"

"தொட்டி ஒரு எடத்துலயும் நிக்கலீங்க அம்மிணி" என்றேன்.

"அதையா கேட்டேன்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

என் அறையின் விதி புது சர்வருக்கும் தொடரும். பின்பக்கம் யாரும் தனியாகக் கை வைக்கக் கூடாது. ஒருவர் விளக்கைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். விதியைப் போட்டது நான். தணிக்கைக்கு வந்தவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். சொல்வது பெரும்பாலும் பூங்கோதை, தொடுவது நான்.

ஜூன் 16, திங்கள்

வாராந்திரச் சோதனை. பூங்கோதையைக் கூப்பிட்டேன். பின்னால் வந்து நின்று விளக்குகளைப் பார்த்தாள். "ரெண்டும் பச்சைங்ணா."

"ரெண்டும் பச்ச" என்று திருப்பிச் சொன்னேன்.

"ஏனுங்ணா, எப்பவும் நானே சொல்லோணுமா? அடுத்த வாரம் மாத்திக்கலாம். நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் கை வெக்கறேன். எனக்கும் பழகுமில்ல."

"உங்க கையில சாயம் இருக்குது."

அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அப்போதுதான் கழுவி வந்திருந்தாள். சோப்பு வாசனை கூட அடித்தது.

"அப்ப கையுறை போட்டுக்கறேன்" என்றாள்.

"பாக்கலாமுங்க" என்றேன். போன் வந்ததுபோல எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

வேலையில் ஆளை மாற்றுவது நல்லதல்ல. பழகிய கண் பழகிய வேலையைச் செய்ய வேண்டும். எனக்கு இதில் வேறு கருத்தில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிட்டது. மின்சாரம் ஆடுகிறது.

ஜூன் 19, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பூங்கோதை நாத்தனார் கல்யாணத்துக்குக் காங்கயம் போயிருந்தாள். காலையிலிருந்து மின்சாரம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது சர்வர் முன்பக்க விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. திரையில் ஒரு செய்தி: பவர் சப்ளைகளில் ஒன்று பழுது. எது என்று அதில் இல்லை.

ஒன்றை வைத்தே ஓடும். ஆனால் இருந்த ஒன்றும் அதே மின்சாரத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தது. எல்லாத் தொட்டிகளிலும் துணி. கப்பலுக்குப் போகிற லாட். மாற்றுப் பவர் சப்ளை அலமாரியில் பிரிக்காமல் இருந்தது. எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

இரண்டு விளக்குகளும் எரிந்தன. இரண்டும் சிமிட்டவில்லை.

பழைய சர்வரில் எனக்கு ஒரு வழி உண்டு. பின்னால் உள்ளங்கையை வைத்தால் பழுதானதிலிருந்து காற்று வராது. வைத்துப் பார்த்தேன். இதில் இரண்டிலிருந்தும் வந்தது. நல்லது தன் மின்சாரத்தைக் கொடுத்துப் பழுதானதன் விசிறியையும் சுற்றவிடுகிறது போலிருக்கிறது. எந்தக் கேபிளில் மின்சாரம் போகவில்லை என்று யூ.பி.எஸ். திரையில் பார்க்கலாமென்றால் இரண்டு கேபிள்களும் ஒரே யூ.பி.எஸ்.ஸுக்குத்தான் போகின்றன.

போனில் படம் எடுத்துப் பூங்கோதைக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். பின்னால் நாதஸ்வரம்.

"படத்தைப் பாத்தீங்களா? எது பழுது?"

"ஏனுங்ணா, போட்டோவுல கலர் கேக்கறீங்களே! போன் ஒரு கலர் காட்டும், லைட்டு ஒரு கலர் காட்டும். போட்டோ பாத்து ஷேடு சொன்னா என்ற லேபையே இழுத்து மூடோணும். நான் யாருக்கும் சொன்னதில்ல, உங்களுக்கும் சொல்ல மாட்டேன்."

"இது துணி இல்லீங்க அம்மிணி, விளக்கு."

"எதானாலும் கலருதானுங்களே. நீங்க பக்கத்துலதான நிக்கறீங்க? நேர்ல தெரியறது போட்டோவுலயா தெரியும்? பாத்துச் சொல்லுங்க, எது மஞ்ச?"

நாதஸ்வரம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது தூரமாகியது. மண்டபத்தை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும்.

"அண்ணா" என்றாள். குரல் வேறாக இருந்தது. "கைய வெச்சராதீங்ணா. வெளிய போயி யாரையாச்சும் கூப்புடுங்க."

போனை வைத்தேன். என் கை இடது பவர் சப்ளையின் கைப்பிடியில் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. இடதுதான் என்று உள்ளே ஏதோ அடித்துச் சொல்லியது. இத்தனை வருட அனுபவம். பாதிக்குப் பாதி வாய்ப்பு.

கையை எடுத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் போனேன்.

அங்கே சாதாரணமாகப் பேசினால் காதில் விழாது. தொட்டிகளின் இரைச்சல் அப்படி. மூன்றாம் தொட்டியில் நின்ற துளசிமணியிடம் ரகசியமாகச் சொல்லிக் கூட்டிவரத்தான் நினைத்தேன். அவன் காதில் கை வைத்து "என்னங்ணா?" என்றான். திரும்பச் சொன்னேன். "கேக்கலீங்!" என்றான்.

"ஒரு வெளக்கு பச்சையா மஞ்சளான்னு வந்து சொல்லு! எனக்குத் தெரியாது!" என்று கத்தினேன்.

பக்கத்துத் தொட்டிக்காரர்கள் திரும்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

துளசிமணி, "வெளையாடறீங்களாங்ணா?" என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கூடவே ஓடி வந்தான். முதலாளியும் வந்தார்.

துளசிமணி குனிந்தான். "எடதுல இருக்கறது பச்சைங். வலதுல இருக்கறது மஞ்ச."

"எடது பச்ச, வலது மஞ்ச" என்று திருப்பிச் சொன்னேன். வலதை உருவினேன். புதியதைச் செருகினேன். "இப்ப?"

"ரெண்டும் பச்சைங்."

முன்பக்க விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது. ஒரு தொட்டியும் நிற்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார்.

"பச்சையும் மஞ்சளும் உங்களுக்கு ஒண்ணாத்தான் தெரியுமா?"

"அந்த வெளக்கு எனக்கு வாசிக்க வராதுங்க."

"செவப்பு?"

"அதுவும் பல நேரம் இப்படித்தானுங்க."

"சாயப்பட்டறையில!" என்றார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அடக்கிக்கொண்டார். "பூங்கோதைக்குத் தெரியுமா?"

"நேத்துத் தெரிஞ்சிருக்கும்."

"துளசிமணிக்கும் தெரியும். அப்பப் பட்டறைக்கே தெரிஞ்சாச்சு." மேசையை விரலால் தட்டினார். "எடதை இழுத்திருந்தா?"

"எல்லாத் தொட்டியும் நின்னிருக்கும்."

"மெட்ராஸ்காரன் எழுத்துல காட்டுமுன்னு ஏதோ கேபிள் சொன்னானாமா. ஏன் மாட்டல?"

முதலாளி காத்திருந்து பார்த்தார். "மாசக் கடைசி வரைக்கும்னு சொன்னேன். மாசம் முடியட்டும். போய் வேலையப் பாருங்க."

மாலையில் மேனேஜ்மென்ட் போர்ட்டுக்குக் கேபிள் கொடுத்தேன். பவர் சப்ளை ஒன்று, நலம். பவர் சப்ளை இரண்டு, நலம். எழுத்துத் தெளிவாக இருக்கிறது. அன்வர் சொன்னது சரி.

ஜூன் 23, திங்கள்

பூங்கோதை கல்யாண வீட்டு லட்டோடு வந்தாள். டப்பாவை மேசையில் வைத்துவிட்டு நின்றாள். கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன், தப்பாக நினைக்கவில்லை.

"எத்தன வருசமா என்னைய நிக்க வெச்சுச் சொல்லச் சொன்னீங்க. விதியாமா விதி!"

"விதி நல்ல விதிதானுங்களே."

"நல்ல விதிதான். அதனாலதான் திட்டாம நிக்கறேன்." லட்டை உடைத்துப் பாதியை என் பக்கம் தள்ளினாள். "ஒண்ணு சொல்றேன் கேளுங்ணா. லேபுக்கு வர்றவங்க எல்லாரும் துணியப் பாத்து ஆகா ஓகோன்னு தலையாட்டிட்டுப் போறாங்க. பாதிப் பேருக்கு ஷேடும் தெரியாது ஒண்ணும் தெரியாது. நீங்க ஒருத்தர்தான் ஒரு நாளும் நல்லா இருக்குதுன்னு பொய் சொன்னதில்ல. எத்தனையோ தடவ நெனச்சிருக்கேன், இந்த மனுசன் ஏன் வாயே தொறக்க மாட்டேங்கறாருன்னு."

லட்டில் முந்திரி அதிகம். சாப்பிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

காலையில் முதலாளி என் அறைக்கே வந்துவிட்டார். தொட்டிகளில் துணி ஏற்றுவதற்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்க்க வேண்டுமாம். அன்று கழற்றிய பழுதான பவர் சப்ளையைத் திரும்பச் செருகச் சொன்னார். எந்தப் பக்கம் என்று நான் பார்க்கக் கூடாது. துளசிமணி செருகினான். நான் வெளியே நின்றேன்.

"கேபிளையும் புடுங்கியாச்சு" என்றார் முதலாளி. "எழுத்துல ஒண்ணும் வராது. நெட்வொர்க்கும் இல்லைன்னு வெச்சுக்கங்க. இப்பப் பழுதானத எடுத்துக் காட்டுங்க நாச்சிமுத்து."

பின்னால் போய் இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவில் கையைத் தயாராக வைத்துக்கொண்டேன். தொட்டிக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். பட்டறை முழுக்க விஷயம் பரவியிருக்க வேண்டும்.

"ஒருத்தர் பாத்துச் சொல்லுங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. கத்த வேண்டியிருக்கவில்லை. தொட்டிகள் ஓடவில்லை.

துளசிமணி முந்திக்கொண்டான். "எடது மஞ்சங்ணா."

"மஞ்சளா?" என்று பூங்கோதை அவனைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். "கண்ணை எங்கடா வெச்சிருக்க? அதுல செவப்பு கலந்திருக்குது. ஆரஞ்சுன்னு சொல்லு."

"ஆரஞ்சுன்னா போன வாரம் போட்டமே, அந்த லாட்டா? அது இத்தன வெளுப்பா?" என்றார் வாசலில் நின்ற ஒருவர். அவரும் உள்ளே வந்தார்.

"கடுகு அரைச்ச கலருங்க" என்றார் இன்னொருவர்.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "தேன் மாதிரியில்ல தெரியுது."

"தேனா? இந்த டியூப்லைட்டுக்கு அப்படித் தெரியுமுங்க. லைட்டை அணைச்சுட்டுப் பாக்கோணும்" என்ற பூங்கோதை, யாரையோ அனுப்பி அறை விளக்கை அணைக்க வைத்தாள். இருட்டில் எல்லோரும் இன்னும் நெருங்கி வந்தார்கள். என் முழங்கைமேல் யாரோ சாய்ந்தார்கள்.

முதலாளி நிமிர்ந்தார். இருட்டிலேயே பேசினார். "நாச்சிமுத்து, மெட்ராஸ்காரனுக்கு வெளக்கு தெரியுது, ஸ்லாட்டு தெரியல. உங்களுக்கு ஸ்லாட்டு தெரியுது, வெளக்கு தெரியல. வெளக்கு தெரிஞ்ச ஆளு இந்தப் பட்டறையில நானூறு பேரு இருக்காங்க, சம்பளம் குடுத்து வெச்சிருக்கேன். மெட்ராசுக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டு வர்றேன். அதுக்குள்ள இவிய முடிவு பண்ணட்டும்."

போய்விட்டார். தேனா, கடுகா, ஆரஞ்சா என்று இங்கே முடிவாகிற வழியாகத் தெரியவில்லை. துளசிமணி எங்கிருந்தோ ஷேடு அட்டையை எடுத்து வந்திருந்தான்.

"அது எப்படியோ இருக்கட்டும்" என்றேன். "எது பச்சைன்னு மட்டும் சொல்லுங்க. நான் மத்ததை எடுத்தர்றேன்."

பூங்கோதை ஷேடு அட்டையைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்: "எந்தப் பச்சைங்ணா?"